மின்னூட்டமற்ற நியூட்ரானின் காந்தம்

நேயர்களுக்கு வணக்கம். உள்ளே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நடந்துகொண்டிருக்க, கழற்றிக் கொடுத்த மூக்குத்தியையும் சங்கிலியையும் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்த அனுபவம் வேலூரில் பல குடும்பங்களுக்கு உண்டு. அந்தக் கருவி நம் உடலில் நாடுவது, நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனின் கருவாகிய புரோட்டானின் காந்தத்தைத்தான். 1.5 டெஸ்லா வலிமையுள்ள கருவியில் புரோட்டான்கள் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைக்கு மறுமொழி தருகின்றன. பண்பலை வரிசை தொடங்கும் 88 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே உள்ள அலை அது.

அந்தக் காந்தத்தை முதலில் அளந்தவர்கள் ஹாம்பர்க் நகரில் ஆட்டோ ஸ்டெர்னும் அவருடைய துணைவர்களான ஃபிரிஷும் எஸ்டர்மானும் ஆவர். எலக்ட்ரானுக்காக இயற்பியலாளர் டிராக் 1928இல் வகுத்த கோட்பாட்டைப் புரோட்டானுக்கும் பொருத்தினால், விடை சரியாக ஒரு அணுக்கரு மேக்னட்டான் என்று வரும்; இத்தகைய துகள்களின் காந்தத்தை அளக்கும் அலகு அது. ஆகவே அளப்பது வீண்வேலை என்றே கோட்பாட்டாளர்கள் கருதினர். ஸ்டெர்ன் அதைக் கேட்டு நின்றுவிடாமல், ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் மெல்லிய கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தி அதன் விலகலை அளந்தார். 1933இல் கிடைத்த விடை ஒன்றன்று. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்டது. இன்றைய மதிப்பு 2.79. அளக்கத் துணிந்தவரை நான் பெரிதும் போற்றுகிறேன்.

இதைவிட வியப்பானது நியூட்ரான். மின்னூட்டமே இல்லாத அதற்குக் காந்தம் உண்டு. மதிப்பு கழித்தல் 1.91, அதாவது அதன் தற்சுழற்சிக்கு எதிர்த்திசையில் அமைந்த காந்தம். மின்னூட்டமில்லாததற்கு எப்படி வந்தது? புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருப்பனவாக 1964இல் இயற்பியலாளர்கள் கெல்-மானும் ஸ்வைக்கும் முன்வைத்த குவார்க்குகள் என்னும் நுண்துகள்களே விடை. மேல் குவார்க்கின் மின்னூட்டத்தை 2 என்றும், கீழ் குவார்க்கின் மின்னூட்டத்தைக் கழித்தல் 1 என்றும் கொள்ளுங்கள். புரோட்டானில் மேல் இரண்டு, கீழ் ஒன்று. நியூட்ரானில் கீழ் இரண்டு, மேல் ஒன்று. ஒரே வகையான இரண்டும் தற்சுழற்சியில் ஒன்றிநிற்க வேண்டும் என்று சமச்சீர்மை கட்டாயப்படுத்துவதால், அவ்விரண்டின் பங்கு 4 மடங்கு, தனித்ததன் பங்கு எதிராக 1 மடங்கு என்னும் விகிதத்தில் வருகிறது.

காகிதம் வேண்டாம், மனத்திலேயே போட்டுப் பாருங்கள். புரோட்டானுக்கு நான்கிரண்டு எட்டு. கழித்தல் ஒன்றைக் கழிக்க ஒன்பது. நியூட்ரானுக்குக் கழித்தல் நான்கு. அதிலிருந்து இரண்டைக் கழிக்கக் கழித்தல் ஆறு. மீண்டும் சொல்கிறேன்: ஒன்பதுக்குக் கழித்தல் ஆறு, அதாவது மூன்றுக்குக் கழித்தல் இரண்டு. நியூட்ரானின் காந்தம் புரோட்டானுடையதில் 0.667 பங்காக இருக்கவேண்டும் என்கிறது கணக்கு. அளவீடு தருவது 0.685. குவார்க்குகளுக்கு இடையே நடக்கும் கடும் குழப்பங்களை எல்லாம் ஒதுக்கிவிட்ட இந்த எளிய கணக்கு மூன்று விழுக்காட்டுக்குள் பொருந்துவதைச் சமச்சீர்மையின் வலிமைக்குச் சிறந்த சான்றாகவே கருதுகிறேன்.

நேரம் நெருங்கிவிட்டதால் அடுத்ததைச் சுருக்கமாகவே சொல்ல இயலும். நியூட்ரானுக்குக் காந்த முனைகளோடு மின் முனைகளும் இருக்குமானால், காலத்தைப் பின்னோக்கித் திருப்பினாலும் இயற்கை விதிகள் மாறா என்னும் சமச்சீர்மை உடைந்துபோகும். பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் ஏன் இவ்வளவு அரிது என்பதற்கும் அது துப்புக் கொடுக்கும். அப்படி மின் முனைகள் உண்டா என்று 1950இல் இயற்பியலாளர்கள் பர்செலும் ராம்சேயும் எழுப்பிய கேள்விக்கு, சுவிட்சர்லாந்தில் நடந்து 2020இல் வெளிவந்த மிக நுண்ணிய அளவீடும் சுழியிலிருந்து வேறுபட்ட மதிப்பைக் காட்டவில்லை. வணக்கம்.