பழைய ரெஸ்லிங் கார்டு: முதல்ல எந்த செட்டு?

வணக்கமுங்க. பழைய ரெஸ்லிங் கார்டு சேக்கோணும், எதுல இருந்து தொடங்கறதுன்னு யோசிக்கறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. முதல்லயே சொல்லிப்போடறேன்: வீரர் பேரைப் பாத்து வாங்காதீங்க, செட்டைப் பாத்து வாங்குங்க. செட்டுன்னா ஒரு கம்பெனி வரிசையா நம்பர் போட்டு வெளியிட்ட மொத்தக் கார்டும். ஹல்க் ஹோகன், ஆண்ட்ரே தி ஜெயண்ட் மாதிரி பெரிய வீரர்கள்ல ஆளுக்கு ஒண்ணுன்னு வாங்கிட்டே போனா எத்தனை வருசமானாலும் முழுசா ஒண்ணும் கையில நிக்காதுங்க.

தொடங்கறதுக்கு நான் கை காட்டறது 1985-ல டாப்ஸ் கம்பெனி போட்ட செட்டு. 66 கார்டு, அதுபோக தனி நம்பர் போட்ட 22 ஸ்டிக்கர். விக்கறவர் "முழு செட்டு"ன்னு சொன்னா, 66-ஆ 88-ஆன்னு ஒருக்கா கேட்டுப்போடுங்க. 1-ம் நம்பர் ஹோகன். கட்டுல எப்பவும் மேல இருக்கறது அதுதான், அதனால ரப்பர் பேண்டு தடமும் மூலை மடிப்பும் மொதல்ல அதுக்குத்தான் விழுகும். செட்டு வாங்கும்போது 1-ம் நம்பருக்கு மட்டும் தனியா போட்டோ கேளுங்க.

இது பபுள்கம்மோட மெழுகுத்தாள் பாக்கெட்டுல வந்த கார்டுங்க. இதா, டியூப்லைட்டுக்குக் கீழ சாய்ச்சுக் காட்டறேன் பாருங்க. பளபளப்புக்கு நடுவால மங்கலா ஒரு திட்டு தெரியுதுங்களா? அது மெழுகு. முன்பக்கத்துல இருந்தா மெல்லிசான நைலான் துணியில லேசாத் தேச்சா போயிரும். இப்பத் திருப்பறேன். இந்தப் பழுப்புக் கறை பபுள்கம் ஒட்டுனது. பின்பக்கம் பளபளப்புப் பூச்சு இல்லாததால கறை அட்டைக்குள்ளயே இறங்கிருச்சு. தண்ணி, பெட்ரோல்னு எதையும் போட்டுத் துடைக்காதீங்க, தண்ணி பட்டா அட்டை உப்பிக்கும். வாங்கறதுக்கு முந்தியே பின்பக்கப் போட்டோ கேட்டு வாங்கிப் பாக்கோணும்.

கனடாவுல ஓ-பீ-சீங்கற கம்பெனி போட்டதும் இருக்குங்க. பின்பக்கம் இங்கிலீசும் பிரெஞ்சும் சேந்து இருக்கும். டாப்ஸை முடிச்சுட்டு இதுக்குப் போகலாம், ரெண்டையும் ஒரே ஆல்பத்துல கலக்காதீங்க.

1982 ரெஸ்லிங் ஆல் ஸ்டார்ஸ்ங்கற செட்டுதான் பெரிய மீனு. ஏ சீரிஸ் 36, பி சீரிஸ் 36. ஏ சீரிஸ்ல ஆண்ட்ரே 1, ஹோகன் 2, ரிக் ஃப்ளேர் 27. விலை ஏறுன கார்டுங்கறதால போலியும் இதுலதான் அதிகம் பயப்படோணும். கார்டைச் சோதிச்சுத் தரம் போடற கம்பெனி பிளாஸ்டிக் டப்பாவுல சீல் வெச்சதைத் தவிர மத்ததை முதல் வருசத்துல தொடாதீங்க.

1990-ல கிளாசிக் கம்பெனி போட்ட செட்டு 145 கார்டு. ஏராளமா அச்சடிச்சது. ஆசைக்கு வாங்கலாம், விலை ஏறும்னு வாங்காதீங்க.

போலி பாக்கறதுக்கு நகைக்கடைக்காரங்க வெச்சிருக்கற 10 மடங்கு லென்சு போதும். படத்துல வட்டம் வட்டமா ஒழுங்காப் புள்ளி இருக்கோணும். அப்புறம் பேர் எழுதுன கறுப்பு எழுத்தைப் பாருங்க. அசல்ல எழுத்து திடமா, ஓரம் கூரா இருக்கும். ஸ்கேன் பண்ணி அடிச்சதுல எழுத்தும் புள்ளி புள்ளியாத்தான் தெரியும். ஓரம் வெட்டுனதான்னு பாக்க, அதே செட்டுல மலிவான கார்டு ஒண்ணை மேல வெச்சு நாலு பக்கமும் தடவிப் பாருங்க. டாப்ஸ் அளவு 63.5 மில்லிமீட்டருக்கு 88.9. 1887 ஆலன் & ஜின்டர் சிகரெட் பாக்கெட்டுல வந்த கார்டு மாதிரி ரொம்பப் பழசுன்னா, கள்ளநோட்டு பாக்கற யூவி லைட்டை அடிங்க. அந்தக் காலத்துக் காகிதம் நீலமா மின்னாது. மின்னுனா விட்டுருங்க.

படம் நடுவுல இருக்கான்னும் பாக்கோணுங்க. இடது ஓரம் 3 மில்லிமீட்டர், வலது 2-ன்னா 60-க்கு 40, சேக்கறதுக்குத் தாராளமாப் போதும். நாலுக்கு ஒண்ணுன்னா விலையைக் குறைச்சுக் கேளுங்க.

நம்மூர் ட்ரம்ப் கார்டையும் விட்டுராதீங்க. உயரம், எடை, ரேங்க் சொல்லி விளையாடுவோமே, அதேதான். கோயமுத்தூர் உக்கடம் பழைய புத்தகக் கடைப் பக்கம் போனா கேட்டுப் பாருங்க. மூலை மழுங்கியிருந்தாப் பரவால்ல, விளையாடத்தான் அச்சடிச்சது. ஆனா ஒரு கார்டு குறைஞ்சாலும் கட்டு கட்டு இல்லீங்க. ரெஸ்லிங் நடத்தற டபிள்யூ.டபிள்யூ.எஃப் கம்பெனி பேரு டபிள்யூ.டபிள்யூ.ஈ-ன்னு மாறுனது 2002 மே மாசம். அந்தப் பேரோட இருக்கறதைத் தொண்ணூறுகள் கார்டுன்னு சொன்னா நம்பாதீங்க. பழைய பேரு இருக்கறதால மட்டும் பழசுன்னும் ஆயிராது, அனுமதியில்லாம அடிச்சவங்க பழைய லோகோவையே பின்னாலயும் போட்டிருக்கலாம்.

வெக்கறதுக்கு பாலிப்ரொப்பிலீன் உறை, அதுக்கு மேல டாப் லோடர்ங்கற, மேல்பக்கம் திறந்த கெட்டி பிளாஸ்டிக் உறை. கல்யாண ஆல்பத்துல வர்ற பி.வி.சி. தாள் வேண்டாம், நாளாக நாளாக மையில ஒட்டிக்கும். பொள்ளாச்சிப் பக்கம் ஈரக்காத்து அதிகம், டப்பாவுக்குள்ள சிலிக்கா ஜெல் போட்டு மழைக்காலத்துல மாத்திட்டே இருங்க. ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போட்டுறாதீங்க, அந்த ஆவிக்குச் சில பிளாஸ்டிக் இளகிப்போகும். மூடி இறுக்கமான டப்பா, சுவத்தை ஒட்டாம ஒரு சாண் தள்ளி, தரையில வெக்காம அலமாரித் தட்டுல.