காலைல முதல் ஸ்டார்ட்டுல கடகடன்னு சத்தம்: செயினா, டேப்பட்டா, ஆயிலா?

வள்ளியூர்லேருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காவ. 2012 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல், 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலைல ஸ்டார்ட் பண்ணுனா மூணு நாலு செகண்டு கடகடன்னு சத்தம், அப்புறம் நின்னுருது. பகல்ல எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணுனாலும் வரல. ஒரு மெக்கானிக் இன்ஜினைத் திறக்கணும்கிறாரு, இன்னொருத்தர் பழைய டீசல்னா அப்படித்தான் இருக்கும்கிறாரு. யார் சொல்லுறதைக் கேக்கன்னு கேட்டிருக்காவ.

இப்போதைக்கு ரெண்டு பேர் சொல்லுறதையும் ஒதுக்கி வைங்க அண்ணாச்சி. முதல்ல சத்தம் எத்தனை செகண்டு வருதுன்னு எண்ணணும்.

கோல்டு ஸ்டார்ட்டுன்னு வெளிநாட்டு வீடியோவுல சொல்லும்போது பனி, மைனஸ் டிகிரின்னு போவாங்க. நம்ம திருநெல்வேலிப் பக்கம் மார்கழி விடியக்காலைலகூட 20 டிகிரிக்குக் கீழ எறங்குறது அபூர்வம். அதனால இங்க கோல்டுங்கிறது குளிர் இல்ல, வண்டி நின்ன நேரம். எட்டு மணி நேரம் நிக்கும்போது இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டுலயும், செயின் டென்ஷனர்லயும் இருந்த ஆயில், அடியில இருக்கிற ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வடிஞ்சிருது. காலைல சாவி போட்டதும் பம்ப் அதைத் திரும்ப மேல ஏத்தணும். ஏத்தி முடிக்கிற வரைக்கும் உள்ள என்னென்ன ஆடுதோ, அதுதான் உங்களுக்குக் கேக்குது.

உங்க வண்டியில இருக்கிறது ஃபியட்டோட 1.3 மல்டிஜெட், 1248 சிசி. மாருதில டிடிஐஎஸ், டாடாவுல குவாட்ராஜெட்னு பேர் மாறி வந்தது, இன்ஜின் ஒண்ணுதான். 2020 ஏப்ரலோட மாருதி டீசல் கார் விக்கிறதை நிறுத்திட்டாங்க. அதனால இப்ப ரோட்டுல ஓடுற அவங்க டீசல் எல்லாமே வயசான வண்டிதான். இந்தக் கேள்வி நிறைய வர்றதுக்கு அதுதான் காரணம். பிஸ்டனோட சுத்துற கிராங்க்கையும் வால்வைத் திறக்குற கேமையும் இணைக்க இதுல டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அந்தச் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யும். ஆயில் வர்ற வரைக்கும் உள்ள இருக்கிற சின்ன ஸ்ப்ரிங் மட்டும்தான் தாங்கும். செயின் புதுசா இருந்தா அதுவே போதும். தேஞ்ச செயின்னா தொய்வு கூடிப் போய், அதை வழிநடத்துற பட்டையான கைடுல அடிக்கும்.

செயின் நீண்டு போச்சுன்னு சொல்லுதோம்லா, உண்மையில இரும்பு நீளல. ஒவ்வொரு கண்ணியிலயும் இருக்கிற பின் தேயுது. ஒரு கண்ணிக்கு 0.02 மில்லிமீட்டர் தேஞ்சா நூறு கண்ணிக்கு 2 மில்லிமீட்டர். டீசல் கரி கலந்த கருப்பு ஆயில் அரம் மாதிரி அந்தப் பின்னைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். ஆயிலைத் தள்ளிப் போட்டு மாத்துறதோட விலை இங்கதான் தெரியும்.

இப்ப எண்ணுவோம். ராத்திரி நிறுத்தின வண்டி, குறைஞ்சது எட்டு மணி நேரம். பானெட்டைத் திறந்து வைங்க, வீட்டுல ஒருத்தரை உக்கார வச்சு ஆக்சிலேட்டர் மிதிக்காம ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நீங்க பெல்ட் இருக்கிற பக்கம் போன்ல வீடியோ எடுங்க. டேஷ்போர்டுல ஆயில் லைட் எத்தனை செகண்டுல அணையுதுன்னு உள்ள இருக்கிறவங்க சொல்லணும். ஒண்ணு ரெண்டு செகண்டுல அணையணும். நாலு செகண்டு தாண்டுச்சுன்னா செயினைப் பத்திப் பேசுறதுக்கு முன்னால ஆயில் பிரஷரைப் பாக்கணும்.

ரெண்டுலேருந்து அஞ்சு செகண்டு, சைக்கிள் செயின் கார்டுல உரசுற மாதிரி இரும்புச் சத்தம், பெல்ட் பக்கத்துலேருந்து வந்தா டென்ஷனர், செயின். மேல ஹெட்டுலேருந்து தையல் மெஷின் மாதிரி சன்னமா டிக் டிக்குன்னு ஒரு நிமிஷம் வரைக்கும் வந்தா, வால்வு கேப்பைச் சரியா வச்சுக்கிற டேப்பட். இந்த இன்ஜின்ல ஆயில் பிரஷர்ல தானே சரிபண்ணிக்கிற ஹைட்ராலிக் டேப்பட்தான், கையால கேப் வைக்கிற வேலையே இல்ல. டேப்பட் டைட் பண்ணணும்னு ஒருத்தர் சொன்னா இந்த இன்ஜின் அவருக்குப் பழக்கமில்லன்னு வச்சுக்கோங்க. உரல்ல இடிக்கிற மாதிரி மந்தமா ரெண்டு மூணு நிமிஷம் இருந்து, சூடேற ஏறக் குறைஞ்சா, பிஸ்டன் அது ஓடுற குழாயான போர்ல ஆடுது. சூடான பிறகும் நிக்காம, ஆக்சிலேட்டர் குடுத்தா அடி பலமாகுதுன்னா, பிஸ்டன் கம்பி கிராங்க்கோட சேருற இடத்துல இருக்கிற பிக் எண்ட் பியரிங்கா இருக்கலாம். அந்த வண்டிய ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க, கட்டி இழுத்துட்டுப் போங்க.

தகரச் சத்தமா இருந்தா சைலன்சர் மேல இருக்கிற ஹீட் ஷீல்டு. இன்ஜின் ஆறியிருக்கும்போது கையால தட்டினாலே தெரிஞ்சிரும். கிளட்ச்சை மிதிச்சா சத்தம் மாறுதுன்னா கியர்பாக்ஸ் பக்கம் போங்க. ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் மேல சந்தேகம்னா மெக்கானிக்கிட்ட பெல்ட்டைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்கச் சொல்லுங்க, அரை நிமிஷத்துக்கு மேல ஓட விட வேண்டாம்.

அண்ணாச்சி சொல்லுற மூணு நாலு செகண்டு டென்ஷனர் கணக்குல வருது. ஆனாலும் உடனே செயின் செட் வாங்கிராதீங்க. ஒரு சோதனை இருக்கு. மறுநாள் காலைல, மெக்கானிக்கை வச்சு டீசல் சப்ளையை கட் பண்ணிட்டு அஞ்சு செகண்டு செல்ஃப் அடிக்கணும், கொஞ்சம் விட்டு இன்னொரு அஞ்சு செகண்டு. ஆயில் மேல ஏறிரும். அப்புறம் டீசலைச் சேர்த்து ஸ்டார்ட் பண்ணும்போது சத்தமே இல்லன்னா ஆயில் லேட்டா வர்றதுதான் கோளாறு. அப்பவும் சத்தம் வந்தா செயினும் கைடும் தேஞ்சிருக்கு.

ஆயில் லேட்டா வர்றதுக்கு நம்ம ஊர்ல நான் முதல்ல சந்தேகப்படுறது ஆயில் கிரேடைத்தான். நம்ம வெயிலுக்கு கட்டியான ஆயில்தான் தாங்கும்னு 20டபிள்யூ-50 ஊத்திருதாங்க. மத்தியான வெயில்ல நாங்குநேரி டோல்கேட்ல நிக்கும்போது இன்ஜின் சூட்டைப் பாத்துக்கிற வேலை ரேடியேட்டரோடது. காலைல அந்தக் கட்டி ஆயில் மெல்லமாத்தான் மேல ஏறும். இந்த இன்ஜினுக்கு அதைவிட இளக்கமான 5டபிள்யூ-30, டீசலுக்கு உள்ளது, ஏறக்குறைய 3 லிட்டர். ஆயில் அளக்குற கம்பியில மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. கூடவே ஒரிஜினல் பில்டர், பில்டர் மூடிக்குப் புது ஓ ரிங். 10,000 கிலோமீட்டர் இல்ல ஒரு வருஷம், எது முந்துதோ அப்ப மாத்தணும். திசையன்விளைப் பக்கம் தேரிங்கிற செம்மணல்ல ஓடுற வண்டின்னா இன்னும் முன்னாலயே மாத்துங்க, ஆடிக் காத்துல ஏர் பில்டர் பெட்டி மூடி சரியா உக்காந்திருக்கான்னும் பாருங்க. சத்தத்தை அமுக்குறதுக்குன்னு பாட்டில்ல விக்கிற கட்டி மருந்து எதையும் ஊத்த வேண்டாம், ஆயிலை அது இன்னும் மந்தமாக்கும்.

ஆயில் மாத்தி ஒரு வாரம் பாருங்க. சத்தம் மூணு நாலு செகண்டுலேருந்து ஒரு செகண்டுக்கு வந்துட்டா அதோட விட்டிரலாம். குறையலன்னா ஸ்கேனர்ல பி0016 கோடு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, கிராங்க்கும் கேமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலங்கிற கோடு அது. அது வந்துட்டா தள்ளிப் போடாதீங்க. செயின் பல் தாண்டுச்சுன்னா வால்வுல பிஸ்டன் இடிக்கலாம், வால்வைத் தள்ளுற ராக்கர் ஒடியலாம்.

மாத்தும்போது செயினை மட்டும் மாத்தி மிச்சம் பிடிக்காதீங்க. டென்ஷனர், ரெண்டு கைடு, செயின் மாட்டுற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், முன் ஆயில் சீல் எல்லாம் சேர்த்து மாத்தணும். கேமையும் கிராங்க்கையும் பூட்டுற லாக்கிங் பின் இல்லாம, பெயின்ட் மார்க் வச்சு மாட்டுறேன்னு சொல்லுற இடத்துல விடாதீங்க. சம்ப்பை எறக்கும்போது உள்ள இருக்கிற ஸ்ட்ரெய்னர் சல்லடையைக் கழுவி, கையில எடுத்து வெளிச்சத்துல பாருங்க. போன தடவை சம்ப் ஒட்டுனப்ப அள்ளிப் பூசின சிலிகான் பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, பிஞ்சு விழுந்து, புழு மாதிரி அந்தச் சல்லடையில ஒட்டியிருக்கும். ஆயில் லேட்டா வர்றதுக்கு அதுவே போதும். திரும்ப ஒட்டும்போது 3 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரே கோடு போதும்.

அதுவரைக்கும் ஒரு விஷயத்துல கவனமா இருங்க. காரையார் ரோடு மாதிரி ஏத்தத்துல நிறுத்தும்போது கியரை மட்டும் போட்டு வண்டிய அதுமேல சாய விடாதீங்க. இன்ஜின் பின்பக்கமா அசைஞ்சா ஆயில் இல்லாத டென்ஷனர் அமுங்கி, தொய்வெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துரும். முதல்ல ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டயருக்குக் கல் வச்சு, வண்டி அசையாம நின்ன பிறகு கியர் போடுங்க. பேட்டரி எறங்கிட்டா தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டாம், இன்னொரு வண்டியிலேருந்து ஜம்பர் கேபிள் குடுத்து ஸ்டார்ட் பண்ணுங்க.