சூளை காணாத கல்லுக்கு மினுமினுப்பு எங்கிருந்து வந்தது?

பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

செங்கல் சூளைக்குப் போகிறது. ஓடு போகிறது. ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடியும் போகிறது. தரையில் பதிக்கிற நம் ஆத்தங்குடிப் பூக்கல் மட்டும் நெருப்பைப் பார்ப்பதே இல்லை. பிறகு அந்த மினுமினுப்பு ஏது?

கண்ணாடி கொடுத்தது. பட்டறையில் முதலில் வைப்பது ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி ஒரு சட்டம். சிமென்ட், நைஸ் மணல், வண்ணப்பொடி மூன்றையும் மாவுப் பதத்தில் கரைத்து, கண்ணாடிமேல் வைத்த பூ அச்சின் அறைகளில் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் உலர்ந்த சிமென்டும் மணலும் தூவப்படும். அந்தத் தூவல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தூவல் குறைந்தால், மேலே வைக்கிற சாந்தின் கனத்தில் பூ கலங்கிப்போகும். கடைசியில் சாந்தை நிரப்பி மட்டம் தட்டினால், கல் குப்புறப் படுத்தபடி பிறந்துவிடும். அதனால்தான் கல்லில் எழுத்துப் போடச் சொன்னால் இடவலம் மாற்றிப் போட வேண்டும்!

சிமென்ட் துகள் மிகப் பொடி. கண்ணாடியின் வழவழப்பை அப்படியே படியெடுத்துக்கொள்ளும். மேடுபள்ளம் இல்லாத முகத்தில் பட்ட ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது. அதைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். ஆனால் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால், அதில் வார்க்கிற ஒவ்வொரு கல்லிலும் அந்தக் கீறல் வரும்.

அடுத்த கேள்வி: காயத்தானே வேண்டும், ஏன் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள்? சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. 100 கிலோ சிமென்ட் முழுதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 23 கிலோ தண்ணீர் அதற்குள்ளேயே கட்டுண்டுவிடும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் மேற்பரப்பு அரைகுறையாக நின்று, கை வைத்தால் பொடி ஒட்டும். கரைசலில் தண்ணீர் கூடினாலும் வம்புதான்: மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை, மயிரிழை வெடிப்பு.

சரி, சூளையிலும் ஒருதரம் வைத்தால் என்ன? இறுகிய சிமென்டிலிருந்து அந்தத் தண்ணீர் பிரிந்து, கல் வலுவிழக்கும். மஞ்சள் நிறமும் போய்விடும். மஞ்சள், சிவப்பு வண்ணப்பொடி இரண்டுமே இரும்பு ஆக்சைடுதான். மஞ்சளில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. 300 டிகிரிக்குச் சூடேற்றினால் அது வெளியேறி, மஞ்சள் சிவப்பாகிவிடும். மஞ்சள் மண்ணில் அறுத்த செங்கல் சிவந்து வருவதும் இதனால்தான். வண்ணப்பொடியை அள்ளிப் போடவும் கூடாது. சிமென்ட் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வலு குறையும்.

இனி ஆச்சிமார்களுக்கு. புதுத் தரையில் வெள்ளை பூத்தால் பயப்படாதீர்கள். சிமென்டிலிருந்து கசிந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படிந்தது அது. நல்ல தண்ணீரில் துடைத்துத் துடைத்துத்தான் போக்க வேண்டும். ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். அது வெள்ளையோடு சேர்த்துக் கண்ணாடி கொடுத்த முகத்தையும் அரித்துவிடும், அந்த முகத்தைத் துணியால் தேய்த்துத் திரும்ப வரவழைக்க முடியாது. தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அவ்வப்போது துடைத்தால் நுண்துளை அடைபட்டுக் கறை இறங்காது. பந்தியில் ரசமோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் இலை எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். புளிப்பும் அமிலம்தான், உடனே துடையுங்கள்.