கண்ணுக்குள்ள ஊசி போட்ட அஞ்சாவது நாள்... அம்மாவுக்கு என்னாச்சு?

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு மாடித்தோட்டம் கிடையாது, கோச்சுக்காதீங்க. ‘அம்மாவ எங்க காணோம்’னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. சுகரால ரெட்டினாவுல, அதாவது கண்ணோட உள்பக்கம் பின்னாடி இருக்கிற விழித்திரைல, நீர் கோத்து, கண்ணுக்குள்ள ஊசி போடுறோம்னு முன்னாடியே சொல்லியிருக்கேன்ல? இது நாலாவது ஊசி. மருந்து 0.05 மில்லிதான், ஒரு சொட்டு.

போட்ட அன்னைக்கு உறுத்தும், சிவக்கும். அயோடின் விட்டுக் கழுவுறாங்கல்ல. மறுநாள் சரியாயிடுச்சு. ஆனா அஞ்சாவது நாள் காலைல, “ஜன்னலைச் சாத்துடி, வெளிச்சம் குத்துது”ங்கிறாங்க. பார்த்தா கருவிழியைச் சுத்தி சிவப்பு. பக்கத்து வீட்டு அக்கா, “ஊசி போட்டா அப்படித்தான், ரெண்டு நாள் பொறு”ன்னாங்க. இந்தப் பேச்சுதாங்க எனக்குச் சுத்தமா பிடிக்காது!

உடனே ஆட்டோ. போக 180, வர 320! அதே ரோடு. கேட்டா மழையாம். ஒரு தூறல் இல்லைங்க. இன்னும் வயிறு எரியுது.

டாக்டர் பார்த்துட்டு, கண்ணுக்குள்ள வெள்ளணுக்கள் மிதக்குது, கிருமி மாதிரி தெரியல, மருந்தால வந்த அழற்சின்னார். கிருமியா இருந்தா அன்னைக்கே கண்ணுக்குள்ள ஆன்டிபயாடிக் போட்டாகணுமாம். ரெண்டும் ஆரம்பத்துல ஒரே மாதிரிதான் இருக்கும், வீட்ல நம்மளால பிரிச்சுப் பார்க்க முடியாது. அப்புறம் எப்படிங்க பொறுக்கிறது?

இதே வகை ஊசியில ப்ரோலுசிசுமாப்னு ஒரு மருந்து இருக்கு. 2019 அக்டோபர்ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது. 2020 பிப்ரவரியிலயே அங்க ரெட்டினா டாக்டர்கள் சங்கம் எச்சரிச்சாங்க, ரெட்டினா ரத்தக்குழாயிலயே அழற்சி வருதுன்னு. சிலருக்குப் பார்வையே போச்சு. அம்மாவுக்குப் போட்டது அது இல்ல. ஆனா இந்த வகை ஊசி எதுலயும் கொஞ்சம் பேருக்கு அழற்சி வரும். அதுக்காக ஊசியை நிறுத்திடாதீங்க, நீர் அப்படியே நின்னா பார்வை மங்கிக்கிட்டே போகும்.

ஆங், சொல்ல மறந்துட்டேன், ‘கண்ணு முன்னாடி கொசு மாதிரி பறக்குது’ன்னும் அம்மா சொன்னாங்க. அப்படி இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

மணிக்கொரு தடவை ஸ்டீராய்டு சொட்டு மருந்து. பாட்டில் அடியில மருந்து வெள்ளையா படிஞ்சிருக்கு, குலுக்கித்தான் விடணும்! பொடி எழுத்துல போட்டிருக்கான். முதல் நாள் முழுக்க நான் குலுக்கவே இல்ல. நெனச்சா இப்பவும் மனசு கேக்கல. இப்போ நல்லாக் குலுக்கி, கண்ணை ரெண்டு நிமிஷம் மூட வெச்சு... நேத்து கட்டில்லேருந்தே காலண்டர்ல ராகுகாலம் படிச்சாங்க! அழுதுட்டேன்.

வியாழக்கிழமை செக்கப். ஸ்டீராய்டால கண் பிரஷர் ஏறியிருக்கான்னும் பார்ப்பாங்க. அடுத்த ஊசி அதே மருந்தா, மாத்துவாங்களான்னு அன்னைக்குத்தான் தெரியும்.