பெயரைப் பதிவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவகம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். என் வேலையின் பெரும்பகுதி தொலைபேசியில் கழிந்தது. என்றோ ஒரு நாள் பெயரைப் பதிந்துவிட்டு, பிறகு அதை மறந்தே போன ஒருவரை அழைத்து, "நீங்கள் ஒரு நோயாளிக்குப் பொருந்தி வந்திருக்கிறீர்கள், ஸ்டெம் செல் கொடுக்க உங்களால் இயலுமா?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. பதிவு செய்யலாமா என்று யோசிப்பவர் பஞ்சுக்குச்சியைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்துக் கொடுக்கும் நாளை மட்டும் நினைத்து முடிவெடுக்கக் கூடாது. இரண்டு ஆண்டோ பத்து ஆண்டோ கழித்து, வேறு வேலையிலும் வேறு பொறுப்புகளிலும் மூழ்கியிருக்கும்போது அந்தத் தொலைபேசி ஒலிக்கும் நாளை மனத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

முதலில் மஜ்ஜை என்பது என்னவென்று பார்த்துவிடுவோம். நம் எலும்புகளுக்குள் இருக்கும் பஞ்சு போன்ற மென்மையான திசு அது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. நலமாக உள்ள ஒருவரின் மஜ்ஜை ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. இவை அனைத்துக்கும் மூலமாக இருப்பவை ஸ்டெம் செல்கள். ரத்தப் புற்றுநோயிலோ, மஜ்ஜை வற்றிப்போகும் ஏப்ளாஸ்டிக் அனீமியாவிலோ, தலசீமியா போன்ற பரம்பரை நோயிலோ இந்த மூலமே பழுதாகிவிடும்போது, இன்னொருவரின் ஸ்டெம் செல்களைச் செலுத்தி மஜ்ஜையைப் புதிதாக நட்டு வளர்க்க வேண்டிய நிலை பலருக்கு வருகிறது.

யாருடைய செல்லை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியாது என்பதால்தான் பதிவேடு என்ற ஒன்று தேவைப்படுகிறது. இதற்கு ரத்த வகை பொருந்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ரத்த வகை வேறாக இருந்தாலும் தடையில்லை. மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நோயாளியின் ரத்த வகையே கொடையாளரின் வகையாக மாறிவிடும். பொருந்த வேண்டியது ஹெச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளம். இந்தச் செல் என்னுடையது, இது அயலானது என்று உடலின் காவல் அமைப்பு பிரித்தறிவது இந்த அடையாளத்தைக் கொண்டுதான். இதை முதன்முதலில் 1958இல் கண்டறிந்து விளக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே. 1980இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என இந்த அடையாளம் நமக்கு வருகிறது. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. நோயாளிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குக் குடும்பத்துக்குள் முழுப் பொருத்தம் கிடைப்பதில்லை. அவர்கள் முன்பின் தெரியாத ஒருவரைத் தேடியாக வேண்டும்.

அப்படித் தேடத் தொடங்கிய ஒரு தாயால்தான் உலகின் முதல் பதிவேடு உருவாயிற்று. ஷெர்லி நோலன் என்ற அந்தப் பெண்மணி, பிறவியிலேயே அரிய ரத்த நோய் கொண்டிருந்த தம் மகன் ஆண்டனிக்காக 1974இல் லண்டனில் அதைத் தொடங்கினார். ஆண்டனிக்குப் பொருத்தமானவர் கிடைக்கவே இல்லை. 1979இல், ஏழு வயதில், அந்தக் குழந்தை இறந்துபோனான். பதிவேட்டை அந்தத் தாய் மூடிவிடவில்லை. இன்று உலகெங்கும் உள்ள பதிவேடுகளில் சேர்த்து 4 கோடிக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன.

4 கோடி போதாதா என்று கேட்கலாம். ஹெச்.எல்.ஏ. மரபணுக்களில் இதுவரை அறியப்பட்டுள்ள மாற்றுவடிவங்கள் 30,000க்கும் மேல். அவை வம்சாவளியையொட்டியே பெரிதும் அமைகின்றன. பதிவேடுகளிலோ ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. அமெரிக்கத் தேசியப் பதிவேட்டின் கணக்குப்படி, முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 79 விழுக்காடு, ஆசிய வம்சாவளியினருக்கு 47 விழுக்காடு, கறுப்பினத்தவருக்கு 29 விழுக்காடு. நோய் ஒன்றுதான், சிகிச்சையும் ஒன்றுதான். முன்னோர் யார் என்பதைப் பொறுத்துப் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது, குறைகிறது. பதிவு செய்ய வாருங்கள் என்று அழைக்க என்னிடம் உள்ள வலுவான காரணம் இதுதான். பெற்றோரும் பிள்ளைகளும் கொடுக்கக்கூடிய பாதிப் பொருத்த மாற்றுச் சிகிச்சை இப்போது நன்கு வளர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் பலர் பிழைத்திருக்கிறார்கள். ஆனாலும் முழுப் பொருத்தமுள்ள இளம் கொடையாளரைத் தேடும் தேவை மறைந்துவிடவில்லை.

இளம் கொடையாளர் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. வயது குறைந்தவரின் செல்களைப் பெறும் நோயாளிகளுக்குப் பலன் கூடுதலாக இருக்கிறது. அதனால்தான் பல பதிவேடுகள் 18 வயதிலிருந்து பெயர்களைச் சேர்த்து, நாட்டுக்கு நாடு சற்று மாறுபட்டாலும், 35 அல்லது 40 வயதை ஒட்டிப் புதிய பதிவுகளை நிறுத்திவிடுகின்றன. பதிந்த பெயர் 60 வயது வரை பட்டியலில் இருக்கலாம்.

இனி அச்சத்துக்கு வருகிறேன். பல குடும்பங்களில் 'மஜ்ஜை' என்றதும் முதுகுத்தண்டு நினைவுக்கு வருகிறது; தண்டுவடத்தில் ஊசி குத்தி எடுப்பார்கள், கால் விழுந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓர் இளைஞரின் தாயார் எங்கள் அலுவலகத்துக்கே வந்து, மகனை விட்டுவிடும்படி என்னிடம் கெஞ்சினார். விளக்கப்படத்தைக் காட்டினேன், அவர் பார்க்கவில்லை. பிறகு அவருடைய கையையே எடுத்து, அவருடைய இடுப்பின் பின்பக்கத்தில், தண்டுவடத்துக்கு விலகி இருபுறமும் லேசாகக் குழி விழும் இடத்தில் வைத்து, "அம்மா, இந்த எலும்பு இடுப்பெலும்பு. எடுப்பதாக இருந்தால் இங்கிருந்துதான்" என்றேன். அவர் நெடுநேரம் அந்த எலும்பை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் கேட்டவை அனைத்தும் நல்ல கேள்விகள்: வலி எத்தனை நாள் இருக்கும், எப்போது வேலைக்குப் போகலாம், திரும்ப ஊறுமா.

அந்தக் கேள்விகளுக்கு இங்கும் பதில் சொல்கிறேன். இன்று பெரும்பாலான கொடைகள் ரத்தத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. நான்கைந்து நாள்களுக்கு, மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு இறக்கிவிடும் ஊசியைத் தோலடியில் போடுவார்கள். பிறகு கொடையாளர் ஒரு கட்டிலில் சாய்ந்திருப்பார். ஒரு கையிலிருந்து ரத்தம் கருவிக்குப் போகும், கருவி ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்துக்கொள்ளும், மீதி ரத்தம் மறு கை வழியாகத் திரும்பி வந்துவிடும். நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். சிலருக்கு மறுநாளும் தேவைப்படும். கையை மடக்க முடியாது என்பதுதான் பலர் சொல்லும் குறை. அந்த ஊசி நாள்களில் எலும்பு வலியும் தலைவலியும் அசதியும் இருக்கும். சிலர் அதைக் காய்ச்சலுக்கு முந்தைய உடல்வலி போல என்பார்கள், சிலருக்கு அதைவிடக் கடுமையாகவே இருக்கும். கொடை முடிந்த சில நாள்களில் அது அடங்கிவிடும்.

இன்னொரு முறை, அந்தத் தாயார் தொட்டுப் பார்த்த இடுப்பெலும்பிலிருந்து, முழு மயக்கத்தில், ஊசியின் மூலம் மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பது. நோயாளி குழந்தையாக இருந்தாலோ சில குறிப்பிட்ட நோய்களிலோ மருத்துவர்கள் இதைக் கேட்கக்கூடும். ஒரு லிட்டர் அளவுக்கு எடுத்தாலும் அது உடலிலுள்ள மொத்த மஜ்ஜையில் சிறு பங்குதான். நான்கு முதல் ஆறு வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். இடுப்பில் சில நாள்கள், சிலருக்குச் சில வாரங்கள்கூட, வலி இருக்கும்.

ஆபத்தே இல்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 9,000க்கும் மேற்பட்ட கொடையாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மஜ்ஜையாகக் கொடுத்தவர்களில் 2.38 விழுக்காட்டினருக்கும், ரத்தத்தின் வழியே கொடுத்தவர்களில் 0.56 விழுக்காட்டினருக்கும் கடுமையான பாதிப்புகள் பதிவாயின. கொடையாளர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இந்த எண்களை வைத்துக்கொண்டு, தமக்கு ஒப்புமா ஒப்பாதா என்று எவரும் முடிவு செய்யலாம்.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். கொடையாளர் எந்தக் கட்டத்திலும் விலகலாம். கையெழுத்திட்ட பிறகும் அந்த உரிமை அவருக்கு உண்டு, அது பறிக்கப்படக் கூடாத உரிமை. ஆனால் மறுமுனையில் நடப்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். புதிய செல்களைச் செலுத்துவதற்கு ஒரு வாரம் முன்னதாக, நோயாளியின் பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்துகளாலும் சில வேளைகளில் கதிர்வீச்சாலும் மருத்துவர்கள் அழிக்கத் தொடங்குகிறார்கள். அதன் பிறகு அவருக்குச் சொந்தமாக ரத்தம் ஊறாது; தொற்றைத் தடுக்க வெள்ளையணுக்கள் இருக்காது. அந்த வாரத்தில் கொடையாளர் பின்வாங்கினால், வேறு வழி உடனே கிடைக்காதபோது, நோயாளி இறக்க நேரிடும்.

என் பணிக்காலத்தில் ஒருமுறை, மருந்து தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு கொடையாளர் விலகினார். இளைஞர், நல்லவர். நண்பர்களோடு போய்ப் பதிந்திருந்தார், வீட்டில் சொல்லவே இல்லை. கடைசி நேரத்தில் தெரியவந்ததும் வீடே எதிர்த்து நின்றது. தொலைபேசியில் அவர் அழுதார். அவர்மீது எனக்கு இன்றும் கோபம் இல்லை. பெயரை எழுதிக்கொண்ட நாளிலேயே, "வீட்டில் யாரிடமெல்லாம் பேசியிருக்கிறீர்கள்?" என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். அந்த நோயாளியின் சிகிச்சை தள்ளிப்போடப்பட்டது. அந்தத் தாமதம் அவரை என்ன செய்தது என்பது எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

ஆகவே பதிவதற்கு முன், உங்கள் முடிவில் சொல்லுரிமை உள்ளவர்கள் என்று நீங்கள் கருதுபவர்களிடம், அது பெற்றோரோ வாழ்க்கைத் துணையோ, முன்கூட்டியே பேசிவிடுங்கள். அனுமதி கேட்பதற்காக அன்று. அவர்களுடைய அச்சத்தை அவசரமில்லாத ஒரு நாளில் கேட்டுக்கொள்வதற்காக. நோயாளி உங்கள் குடும்பத்தவரோ தெரிந்தவரோ அல்லர் என்றால் என்ன செய்வீர்கள் என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உறவினர் ஒருவருக்காக முகாமுக்கு வந்து பதிகிறவர்கள் பலர். அவருக்கு அவர்கள் பொருந்துவது அரிது. பெயர் மட்டும் பட்டியலில் தங்கிவிடும், பின்னொரு நாள் முற்றிலும் அயலான ஒருவருக்காக அழைப்பு வரும். பெறுபவரின் பெயர் தொடக்கத்தில் உங்களுக்குச் சொல்லப்படாது. சில நாடுகளில் ஓராண்டோ இரண்டாண்டோ கழிந்த பின் இருவரும் விரும்பினால் அறிமுகமாகலாம், சில நாடுகளில் எப்போதும் முடியாது. பணம் தரமாட்டார்கள், உங்களிடமிருந்து சிகிச்சைச் செலவும் கேட்கமாட்டார்கள். கொடுத்த பிறகும் நோயாளி பிழைக்காமல் போகக்கூடும். சில வேளைகளில் அதே நோயாளிக்காக இரண்டாம் முறையும் கேட்பார்கள். இவற்றையெல்லாம் கேட்ட பிறகும் மனம் இசைந்தால், தயங்காமல் பதியுங்கள். உங்களைப் போன்றவர்களைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இசையவில்லை என்றால் பதியாமல் இருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. ஒருவர் பட்டியலில் இல்லையென்றால் மருத்துவர்கள் தொடக்கத்திலேயே வேறு வழியைத் தேடுவார்கள். பட்டியலில் இருந்து, கேட்டபோது இல்லாமல் போகும் பெயர்தான், நோயாளியின் கைவசமுள்ள வாரங்களைத் தின்றுவிடுகிறது.

ஏற்கெனவே பதிந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நான் சுழற்றிய எண்களில் பல, வேறு யாரிடமோ போய்ச் சேர்ந்திருந்தன. வீடு மாறியவர்களும் எண்ணை மாற்றியவர்களும் பதிவகத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். மனம் மாறிவிட்டவர்களும், உடல்நிலை மாறிவிட்டவர்களும் அதையும் இப்போதே தெரிவித்துவிடலாம். பெயரை நீக்கிவிடுவார்கள், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. அப்படி எழுதிய பலருக்கு நான் பதில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு பதிலிலும் மனமார நன்றி என்றே எழுதினேன்.

வணக்கம்.