கதிரைக்கோயில்

வணக்கம் நண்பர்களே. நான் இப்போது அமர்ந்திருக்கும் இந்தப் பழைய மரக் கதிரையே இன்றைய பேச்சுக்குரிய பொருள். யாழ்ப்பாணத்தில் நாற்காலியை நாங்கள் கதிரை என்றே சொல்வோம். 'கதேய்ரா' என்னும் போர்த்துக்கேயச் சொல்தான், மேசையோடும் அலுமாரியோடும் யன்னலோடும் எங்கள் வீட்டுக்குள் வந்து கதிரையாயிற்று. அதன் தாய், இலத்தீனில் வழங்கிய 'கதெட்ரா'. அதுவும் கிரேக்கத்திலிருந்து வாங்கிய சொல்லே. கிரேக்கத்தில் 'கதா' என்றால் கீழே, 'ஹெட்ரா' என்றால் இருக்கை.

ஆசிரியர் அமர்ந்திருந்து கற்பிப்பதே பண்டைய வழக்கம் என்பதால், தொடக்ககாலத் திருச்சபையில் ஆயரும், அதாவது பிஷப்பும், தம் இருக்கையில் அமர்ந்தபடியே மறையுரை ஆற்றினார். நாளடைவில் அந்த இருக்கையே அவருடைய போதிக்கும் அதிகாரத்தின் அடையாளமாயிற்று. இத்தாலியின் இராவென்னா நகரில், ஆயர் மாக்சிமியானுக்காக 6ஆம் நூற்றாண்டில் தந்தத்தில் செதுக்கப்பட்ட அத்தகைய இருக்கை ஒன்றை இன்றும் காணலாம். ஆனால் 1870இல் ஆயர்களின் பேரவையான முதலாம் வத்திக்கான் சங்கம், பாப்பரசர் 'கதெட்ராவிலிருந்து' வரையறுத்துப் போதிப்பது தவறாது என்று அறிவித்தபோது, அச்சொல் மரத்தையோ தந்தத்தையோ குறிக்கவில்லை. அதிகாரத்தை மட்டுமே குறித்தது.

ஆயரின் இந்தக் கதிரை இருக்கும் கோயிலே கதீட்ரல். தமிழில் அதைப் பேராலயம் என்று எழுதுகிறோம். அச்சொல் கட்டடத்தின் அளவைச் சொல்கிறதேயன்றிக் கதிரையைச் சொல்லவில்லை என்பது என் குறை. உரோமையில் புனித பேதுரு ஆலயம் எவ்வளவு பெரிதாயினும், அந்நகரின் ஆயர் என்ற முறையில் பாப்பரசருக்கு உரிய இருக்கை இலாத்தரன் ஆலயத்தில் இருப்பதால், உரோமையின் கதீட்ரல் இலாத்தரனே. நம் நாட்டிலும் அப்படித்தான்: ஆவணித் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் திரளும் மடு ஆலயம் கதீட்ரல் அன்று, மன்னார் நகரிலுள்ள புனித செபஸ்தியார் ஆலயமே, அப்பகுதி ஆயரின் பொறுப்பிலுள்ள மறைமாவட்டத்தின் கதீட்ரல்.

ஆங்கிலத்தின் 'சேர்' என்னும் சொல்லும் பழைய பிரெஞ்சு வழியாக இதே கதெட்ராவிலிருந்து பிறந்ததுதான். பிரெஞ்சிலோ சொல் இரண்டாகப் பிரிந்தது: 'ஷேர்' பிரசங்க மேடைக்கும் பேராசிரியர் பதவிக்கும் உரியதாயிற்று, 'ஷேஸ்' வீட்டு நாற்காலியாயிற்று. தமிழுக்கு வந்த கதிரையோ ஆயரையும் பேராசிரியரையும் வாசலிலேயே விட்டுவிட்டு, சாய்மனைக் கதிரையாக எங்கள் திண்ணையில் வந்து படுத்துக்கொண்டது. ஆயரின் கதிரை இருக்கும் புனித மரியன்னை ஆலயத்தை எங்கள் ஊரார் பெரியகோயில் என்கிறார்கள்.