நெருப்புக் குதிரை ஆண்டு

நண்பர்களே, படிப்பும் தொழிற்சாலையும் பெருகினால் தோஷமும் பேயும் தானாக ஓடிவிடும் என்று மேடைகளில் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கு ஜப்பான் வரை போக வேண்டும்.

1964 அக்டோபரில் அங்கே மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் புல்லட் ரயில் ஓடத் தொடங்கியது. டோக்கியோ ஒலிம்பிக்ஸும் அதே மாதம்தான். சரி, இப்போது பிறப்புக் கணக்கைப் பாருங்கள். 1965-ல் பிறந்த குழந்தைகள் சுமார் 18 லட்சத்து 20 ஆயிரம். 1966-ல் 13 லட்சத்து 60 ஆயிரம். மறு ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் போரில்லை, பஞ்சமில்லை.

பஞ்சாங்கம்தான் காரணம். நம் பிரபவ முதல் அட்சய வரை போல அவர்களுக்கும் 60 ஆண்டுச் சுற்று உண்டு. அதில் ஒருமுறை வருவது ‘ஹினோஎஉமா’, நெருப்புக் குதிரை. அந்த ஆண்டில் பிறந்த பெண் புருஷனை விழுங்கிவிடுவாள் என்பது நம்பிக்கை. சிரிக்காதீர்கள், ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று நாம் திருப்பி அனுப்பிய ஜாதகங்கள் கொஞ்சமா?

இதற்கு முந்தைய குதிரை ஆண்டு 1906. அப்போது பிறப்பு குறைந்தது சுமார் 4 சதவீதம்தான். பயம் இருந்தது, தடுக்க வழி குறைவு. பெண் பிறந்தால் பதிவேட்டில் தேதியை முன்னே பின்னே தள்ளி எழுதியவர்கள் உண்டு. 1966-ல் ஆணுறை கடையில் கிடைத்தது, கருக்கலைப்புக்கு 1948 முதலே சட்டத்தில் இடம் இருந்தது. விழுந்தது 25 சதவீதம்! தாத்தா காலத்து பயம் கேட்டதைப் பேரன் காலத்து மருத்துவம் செய்து கொடுத்தது.

அத்தனை தம்பதிகளும் குதிரையை நம்பினார்களா? பலர் நம்பியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். “எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லைங்க, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்களே” என்று நம் ஊரில் சொல்வதில்லையா, அந்த மாதிரிதான். இவரிடம் போய் நாம் என்ன வாதாடுவது? நாம் பேசி முடிப்பதற்குள் அவரே ஒத்துக்கொண்டுவிடுவார். பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கை காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரரோ இவரைக் காட்டுவார்.

அப்புறம், 2026-ம் நெருப்புக் குதிரை ஆண்டுதான். ஆனால் 2024-ல் ஜப்பானியருக்குப் பிறந்த குழந்தைகளே 7 லட்சத்துக்கும் கீழே. இனி குறைப்பதற்குக் குதிரைக்கும் அங்கே பெரிதாக வேலையில்லை.